இரவல் கை

புதிய கல்வியாண்டு தொடங்கும்போது கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மாணவர்க்குக் கையேடு ஒன்று வழங்குவது வழக்கம். அதன் கடைசிப் பக்கங்களில் மாணவர் நலப் பணிகள் என்றொரு பகுதி இருக்கும். கல்வி உதவித்தொகை, விடுதி, உளவள ஆலோசனை, ராகிங் தடுப்புக் குழு, வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்று நிரல்படச் சொல்லிச் செல்லும் அப்பகுதியைப் பொறுமையுடன் படிப்போர் மிகச் சிலரே. படிப்பவர் கண்ணிலும் எளிதில் படாத அரைவரி ஒன்று அதில் உண்டு. பார்வைத்திறன் குறைந்த மாணவர் தேர்வெழுதத் துணை செய்யப்படும் என்பது அது. பத்தாண்டுகளுக்கும் மேலாக நாம் அறிந்த பல்கலைக்கழகம் அந்த அரைவரிதான்.

வங்கியொன்றில் எழுத்தராகப் பணிபுரிந்து 2014ஆம் ஆண்டு ஓய்வு பெற்றோம். வணிகவியலில் இளநிலைப் பட்டம் உண்டு. கையெழுத்தும் பிறர் படிக்கும்படி இருக்கும். இவ்விரண்டையும் அறிந்த எம் பங்கின் பேராசிரியை ஒருவர், "வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு வந்து எழுதிக் கொடுங்களேன்" என்று ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கேட்டார். அவ்வாறு தொடங்கியது. அரசு ஏடுகள் இப்பணியைச் செய்பவரைச் 'சொல்வதை எழுதுபவர்' என்று குறிக்கும். மாணவர் அனைவரும் 'ஸ்க்ரைப்' என்றே சொல்வர். "நாளைக்கு ஸ்க்ரைப் கிடைச்சாச்சா?" என்பது தேர்வுக் காலத்தில் அவர்களுக்குள் நலம் விசாரிக்கும் முறை.

எமது பாளையங்கோட்டைக்கு இத்துறையில் நெடிய தொடர்பு உண்டு. ஆஸ்க்வித் என்னும் ஆங்கிலேய அம்மையார் 1890ஆம் ஆண்டு பார்வையற்றோர்க்கான பள்ளியை இங்கே தொடங்கினார். ஆகையால் வெள்ளைக் கோல் தட்டும் ஓசை எம் தெருக்களுக்குப் புதிதன்று. பேருந்து நிறுத்தத்தில் தடம் எண்ணைச் சொல்லி ஏற்றிவிடுவதை எம் ஊரார் எவரும் பெரிய உதவியாகக் கருதுவதில்லை. ஆயினும் ஏற்றிவிட்ட பேருந்து அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது, அங்கே அது என்ன செய்கிறது என்பதை நாம் அறுபது வயதுக்கு மேல்தான் அறிந்தோம்.

எழுதும் அறை தனி அறையாக இருக்கும். மாணவர் வாய்விட்டுச் சொல்ல, நாம் எழுத வேண்டும். அக்குரல் மற்றவர்க்கு இடையூறாகும் என்பதால் ஆய்வுக்கூடத்திலோ, பழைய நாற்காலிகள் அடுக்கிய அறையிலோ இடம் கிடைக்கும். முதலில் வினாத்தாளை முழுவதும் படித்துக் காட்ட வேண்டும். பார்வையுள்ள மாணவர் தாளை மீண்டும் மீண்டும் புரட்டிப் பார்த்து, எதை எழுதலாம், எதை விடலாம் என்று தேர்ந்துகொள்வர். இவர்களோ ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை கேட்டு, இருபதுக்கும் மேற்பட்ட வினாக்களை எண்ணோடு நெஞ்சில் நிறுத்திக்கொள்வர். "பதினேழில் 'ஆ' பிரிவைத் திரும்ப வாசியுங்கள் சார்" என்று இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்கும்போது எமக்கு வியப்பாக இருக்கும். எமக்கோ தாள் கையில் இருந்தும் பதினேழைத் தேட வேண்டியிருக்கும்.

தமிழ்த் தேர்வு எழுதுவதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும் பேச்சில் மயங்கும். சொல்பவர் நாவில் மயங்கினால் எழுதுபவர் எதை எழுதுவது? எமக்குத் தெரிந்த சரியான எழுத்தைப் போட்டுவிட்டால் அது எம் தமிழாகிவிடும். ஐயம் எழும் இடத்தில் "எந்த ளகரம்?" என்று கேட்பதே முறை. பிரெய்லில் படித்து வளர்ந்த பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்வர். இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் உயிர்மெய்யெழுத்து, மெய்யும் அதன்பின் உயிருமாக அடுத்தடுத்து வரும். விரல்நுனியால் ஒவ்வோர் எழுத்தையும் தடவிப் படித்தவர்க்கு எழுத்துப் பிழை அரிதாகவே நேர்கிறது. கேட்டு மட்டுமே படித்தவர் திணறுவதைக் கண்டிருக்கிறோம். கைபேசியில் எல்லாமே ஒலியாகக் கிடைக்கும் இந்நாளில் பிரெய்ல் எதற்கு என்று வினவுவோர், ஒரு நாள் எம்மோடு அந்த அறையில் வந்து அமரட்டும்.

இன்னொரு சிக்கல் இதனினும் நுண்ணியது. முதுநிலை வரலாறு பயிலும் மாணவி ஒருத்திக்குப் பாளையக்காரர் போர் பற்றிய நெடுவினா வந்தது. நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதை 1799 என்றாள். இவ்வூரில் பிறந்த எவர்க்கும் அது 1801 என்று தெரியும். பேனா ஒரு கணம் நின்றது. நின்றதை அவள் உணர்ந்திருக்கக் கூடும் என்பதால் உடனே 1799 என்று எழுதி மேலே சென்றோம். இருமலும், தயக்கமும், "ம்?" என்னும் ஓர் ஒலியும்கூட அந்த அறையில் விடை சொல்லிக் கொடுத்தலாகும். முடிவில் எழுதியதைப் படித்துக் காட்டுமாறு கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு, கேட்டாள், படித்தோம். அந்த வரி வந்ததும், "சார், 1799 கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட வருஷம் இல்லையா? அடித்துவிட்டு 1801 போடுங்கள்" என்றாள். மகிழ்ச்சியுடன் அடித்தோம். வேறொரு முறை, வேறொரு மாணவர், படித்துக் காட்டிய பின்னும் தவறான ஒன்றை அப்படியே விட்டார். அதையும் அப்படியே விட்டோம். மதிப்பெண் அவருடையதாக இருக்க வேண்டுமானால் பிழையும் அவருடையதாகவே இருக்க வேண்டும். நாம் திருத்தினால் அவர் பெறும் பட்டத்தில் ஒரு பகுதி எம்முடையதாகிவிடும். இதைக் கல்மனம் என்று எம் இல்லத்தரசியார் கடிந்துகொண்டார். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தைப் படிக்கையில், தெர்த்தியு என்னும் ஒருவர் திடீரெனத் தலைகாட்டுவார். அத்திருமுகத்தைப் பவுல் சொல்லச் சொல்லத் தம் கையால் எழுதியவர் அவர். தம் பெயரைச் சொல்லி, ஆண்டவர் பெயரால் ஒரு வாழ்த்தும் கூறிவிட்டு மறைந்துவிடுகிறார். அவ்வளவு பெரிய திருமுகத்தில் அவர் தமக்கென எடுத்துக்கொண்ட இடம் ஒரே வரி. தேர்வறையில் எமக்கு அந்த ஒரு வரியும் இல்லை. அலுவலகப் படிவம் ஒன்றில் பெயரும் ஒளிப்படமும் கல்வித் தகுதியும் இருக்கும், அவ்வளவே.

அந்தக் கல்வித் தகுதியைப் பற்றித்தான் இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் நன்மைகள் பல இருந்தன. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய் நேரம் தர வேண்டும் என்றன. அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். வரைபடம் போன்று கண்ணால் பார்த்தே விடை தரவேண்டிய வினாக்களுக்கு மாற்று வினா தர வேண்டும் என்றன. அவற்றோடு, மாணவர் தாமே எழுதுபவரை அழைத்து வருவாரானால், அவ்வாறு வருபவரின் கல்வித் தகுதி மாணவரின் தகுதிக்கு ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் அந்நெறிகள் கூறின. இளநிலை மாணவர்க்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், முதுநிலை மாணவர்க்கு இளநிலைப் பட்டம் பெற்றவர் என்று எமக்குத் தெரிந்த கல்லூரி அதற்குப் பொருள் கொண்டது. ஆகவே நாம் முதுநிலையினர்க்கு மட்டுமே எழுதத் தகுதியுடையோம்.

இவ்விதியின் நோக்கம் புரியாததன்று. எழுத வருபவர் தாமே விடையளித்துவிடக் கூடாதே என்னும் அச்சம் நியாயமானது. வேலைவாய்ப்புத் தேர்வுகளில் ஆள்மாறாட்டச் செய்திகள் எத்தனை வருகின்றன! எனினும், நாற்பதாண்டுகளுக்கு முன் வணிகவியல் படித்த முதியவர் ஒருவரால் சங்க இலக்கியத் தாளில் என்ன கள்ளம் செய்துவிட முடியும் என்று விதியை எழுதியவரைக் கேட்கத் தோன்றுகிறது.

2019ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு காலை. எமக்கு அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு முதுநிலைத் தாள். சற்று முன்னரே போய்ப் படிவங்களைச் சரிபார்க்கலாம் என்று காலையிலேயே சென்றிருந்தோம். இளநிலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தான். தென்காசிப் பக்கத்துப் பையன். தந்தை பீடிக் கடையில் வேலை செய்பவர். அவனுக்கு எழுத ஒப்புக்கொண்டிருந்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அன்று பள்ளியில் திடீரெனத் தேர்வு வைத்துவிட்டார்கள். காலை எட்டரை மணிக்குத்தான் அவள் கைபேசியில் அழைத்துச் சொல்லியிருக்கிறாள். அதன்பின் அவன் பதினொரு பேரை அழைத்துவிட்டான். பத்து மணிக்கு மணி அடித்தது. வினாத்தாள் உறை அறையில் பிரிக்கப்பட்டது. அவன் தாழ்வாரத்திலேயே நின்றான்.

நாம் பேனாவோடு பக்கத்தில் நின்றோம். எழுதத் தெரிந்த கை இருந்தது. விதிப்படி அது மிகையாகப் படித்த கை. முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கேட்டுப் பார்த்தோம். அவர் கொடியவர் அல்லர். பின்னர் யாரேனும் முறையிட்டால் அத்தாளே செல்லாமல் போய்விடும், பையனுக்குத்தான் கேடு என்றார். அதுவும் உண்மையாயிருக்கலாம். துறை ஆசிரியர்கள் கண்காணிப்புப் பணியில் சிதறியிருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவுக்குப் பொறுப்பாளர் உண்டு. அவர் அன்று வேறோர் ஊரில் விடைத்தாள் திருத்தச் சென்றிருந்தார். கடைசியில் அலுவலக உதவியாளர் ஒருவர், யாரும் சொல்லாமலே நூலகத்துக்கு ஓடி, அன்று தேர்வில்லாத தாவரவியல் முதலாண்டு மாணவி ஒருத்தியை அழைத்து வந்தார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழின் நகல் கைபேசியில் இருந்தது. படிவம் நிரப்பி, ஒப்பம் வாங்கி அவள் நாற்காலியில் அமர்ந்தபோது மணி 10.50.

ஈடுசெய் நேரத்தோடு அவனுக்கு இரண்டு மணி வரை உரிமை. இழந்த ஐம்பது நிமிடங்களை அதன்மேல் கூட்டித் தர இயலவில்லை. இரண்டு மணிக்கு அடுத்த தேர்வு, அறை வேண்டும். நெடுவினாக்களில் கடைசி இரண்டை அவன் தொடவேயில்லை. வெளியே வந்தவனிடம் என்ன சொல்வதென்று எமக்குத் தெரியவில்லை. அவனே, "பரவாயில்லை சார், இதாவது கிடைச்சுதே" என்றான். அந்தத் தாவரவியல் பெண்ணுக்கு இருமுறை நன்றி சொன்னான். அலுவலக உதவியாளரைத் தேடிப்போய் அவர்க்கும் நன்றி சொன்னான். அத்தாளில் தேறினான். ஏனைய தாள்களில் அவன் வாங்கிய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் அது பாதிதான் இருக்கும்.

அந்தப் 'பரவாயில்லை' எம்மை நெடுநாள் உறுத்திற்று. அவன் கேட்டுப் பெற வேண்டியதை இரந்து பெறுவதாக எண்ணப் பழகியிருந்தான். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 31ஆம் பிரிவே, பார்வையற்ற மாணவர்க்கு எழுதுவோரை ஏற்பாடு செய்யும் கடமையைக் கல்வி நிறுவனங்களின் மேல் வைத்துவிட்டது. அப்போது இவன் பிறக்கவேயில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதன் 17ஆம் பிரிவில் கூடுதல் நேரத்தையும் எழுதுவோர் வசதியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களையும் அதுவே ஒதுக்குகிறது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் விகாஷ் குமார் என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே சென்றது. எழுதும்போது கை விறைத்துக்கொள்ளும் நோயுடைய அவர்க்கு, சட்டம் வரையறுத்த ஊன அளவு இல்லையென்றாலும் எழுதுபவர் உதவி உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் நடைமுறையில் "ஆள் கூட்டிக்கொண்டு வா" என்னும் மூன்று சொற்களில் அக்கடமை முழுவதும் மாணவன் தலையில் ஏறிவிடுகிறது. ஆளைத் தேடுவது, கெஞ்சுவது, பேருந்துக் கட்டணம் கொடுப்பது, நண்பகலில் உணவு வாங்கித் தருவது அத்தனையும் அவன் பொறுப்பு. மற்ற மாணவர் தேர்வுக்கு முந்தின இரவில் பாடம் படிக்கின்றனர். இவன் தொலைபேசி எண்களைப் படிக்கிறான்.

பேராசிரியையும் நாமும் கூடிப் பேசி அதன்பின் செய்தது மிகச் சிறியது. நீள் குறிப்பேடு ஒன்று வாங்கினோம். எழுத இசைந்தோரின் பெயர், தொலைபேசி எண், படித்த படிப்பு, எந்தப் பாடத்துக்கு எழுதக் கூடாது என்பவற்றைக் கட்டம் போட்டு எழுதினோம். வங்கியில் பேரேடு எழுதிய பழக்கம் உதவிற்று. ஒவ்வொரு தாளுக்கும் ஒருவர், அவர் வராவிட்டால் வர இன்னொருவர் என்று இருவர் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. இதை வகுத்தவர் நாமே ஆகையால் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம். தேர்வு அட்டவணை வந்தவுடன் மாணவர் எவரும் கேட்காமலே ஆள் ஒதுக்கப்படும். கல்லூரியும் பிறகு இதை ஏற்று, படிவங்களை முன்கூட்டியே ஒப்பமிட்டு வைக்க இசைந்தது. 2020இலும் 2021இலும் தொற்றுநோயால் குறிப்பேடு மூடியே கிடந்தது. பின்னர் திறந்தபோது பாதி எண்கள் மாறியிருந்தன, இருவர் இறந்துமிருந்தனர்.

எழுதுவதோடு படித்துக் காட்டுவதும் சேர்ந்துகொண்டது. தமிழக அரசு பார்வையற்ற மாணவர்க்கு வாசிப்பாளர் உதவித்தொகை என்று தனியே ஒன்று வழங்குகிறது. பாடநூல்களைக் கைபேசியில் குரலாகப் பதிந்து அனுப்புவது இப்போது எளிது. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. நூலகக் கணினிகளில் அதை நிறுவியுமிருக்கின்றனர். ஆயின் தமிழ்ப் பாடநூல்கள் பல, ஒளிப்படமாக நகலெடுக்கப்பட்டவை. மென்பொருளுக்கு அவை எழுத்தாகத் தெரிவதில்லை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவையோ, அது வாய் திறந்தால் உளறலாய் வருகின்றன. பார்வையற்றோர்க்காக நூல்களை மாற்றி வழங்க 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் இடம் தந்தது; மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் உலகிலேயே முதன்முதல் ஒப்புதல் அளித்த நாடும் நமதே. ஆனால் சட்டம் புத்தகத்தைத் தட்டச்சு செய்யாது. அதற்கும் ஆள் வேண்டும். எனவே நாம் நாள்தோறும் மாலை ஒரு மணி நேரம் வரலாறு வாசிக்கிறோம். தென்னிந்தியக் கோயில் கட்டடக் கலையைப் பற்றி இத்தனை அறிவோம் என்று வங்கி நண்பர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மாணவர் தாமே கணினியில் தட்டச்சு செய்து தேர்வெழுதும் காலம் முழுமையாக வந்துவிட்டால் எம்மைப் போன்றோர்க்கு வேலை இராது. அதை நாம் வரவேற்கிறோம். முன்னர்ச் சொன்ன வரலாற்று மாணவி ஒருமுறை விடை சொல்லிக்கொண்டிருக்கையில் இடையில் நிறுத்தி, "சார், அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டீர்களா?" என்றாள். வைத்துவிட்டோம் என்றோம். "எடுத்துவிடுங்கள், அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை" என்றாள். எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும், தன் வாக்கியம் எங்கே முடிகிறது என்பதைத் தன் விரலாலேயே வைக்க அவளுக்கு ஆசை இருக்கும் அல்லவா! இப்போது அவள் பள்ளி ஆசிரியை. மாணவர் விடைத்தாள்களை ஒருவர் படித்துக் காட்டத் திருத்துகிறாள்.

இந்த ஏப்ரல் பருவத் தேர்வுக்கு அட்டவணை வந்துவிட்டது. 9 மாணவர், 43 தாள்கள். முதுநிலைத் தாள்கள் அனைத்துக்கும் இருவர் வீதம் உள்ளனர். இளநிலையில் 12 தாள்களுக்கு ஒருவர் பெயர்தான் இருக்கிறது. 22ஆம் நாள் காலை மூன்று பேர்க்கு ஒரே நேரத்தில் தேர்வு, அங்கே எழுத ஒருவரும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் பங்கில் பலர் உள்ளனர். அவர்களுள் கையெழுத்து தெளிவாயுள்ள மூவரின் பெற்றோரிடம் பேசிவிட்டோம். ஒருவர் இசைந்தார். மற்ற இருவரும் ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.